முக்காட்டம்மனின் முதுகுப் பக்கம்

எங்கள் ஊர்ப் பாறையை வெளியூர்க்காரர்கள் மேற்கே நின்றுதான் படம் எடுக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற பஸ்ஸில் வந்து கல்லேரியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு குந்தியிருப்பது போலவே இருக்கும். நெற்றி தெரியும், மூக்கு தெரியும், முழங்கால்மேல் வைத்த கை தெரியும். முக்காட்டம்மன் பாறை. ஊரின் மேற்குப் பக்கத்தை டவுன் என்போம். டவுனில் எந்தத் தெருவில் நின்றாலும் அவள் நம்மையே பார்ப்பது போல இருக்கிறது என்று டவுன்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார்கள்.

நாங்கள் இருப்பது கிழக்கே, காலனியில். எங்களுக்குத் தெரிவது முதுகு. கண் இல்லை, மூக்கு இல்லை. வழுவழுவென்று கறுப்பாக, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். டவுனில் பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கொடியில் போட்ட துணிமேல் அதன் நிழல் விழுந்துவிடும்.

அம்மன் ஏன் எங்களுக்கு முதுகைக் காட்டினாள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பாறை அடிவாரத்தில், படி தொடங்குகிற இடத்தில், கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மரக்காணத்துக் கடலில் குளித்துவிட்டு அம்மன் மேற்கே நடந்து வந்தாளாம். உப்புக் காற்றில் நாக்கு வறண்டுபோய் எங்கள் சேரியின் முதல் வீட்டில் தண்ணீர் கேட்டாளாம். அந்த வீட்டுக்காரி நிறைகுடத்தை வைத்துக்கொண்டே இல்லை என்றாளாம். அம்மன் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து டவுனுக்குப் போனாளாம். அங்கே ஒரு புண்ணியவதி மோர் கொடுத்தாளாம். அம்மன் மனம் குளிர்ந்து அந்த வீட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாளாம்.

ஏழாம் வகுப்பில் தமிழ் ஐயா இதை வகுப்பில் சொன்னபோது எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் டவுன் டீக்கடையில் அவளுக்குத் தனி கிளாஸ். எங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க யாரும் தயாராக இல்லாத ஊரில், நாங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

அதை விடுங்கள். என் கோபம் அந்தக் கல்லோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. என் அம்மா கிருஷ்ணவேணி அந்தக் கதையை நம்புகிறாள். காலனிப் பெண்கள் பாதிப்பேர் நம்புகிறார்கள். அதனால் கார்த்திகை தீபத்தன்று விடிந்ததிலிருந்து பாறையில் விளக்கு ஏற்றும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள். டவுன் பெண்களும் விரதம்தான். ஆனால் பால் குடிப்பார்கள், பழம் சாப்பிடுவார்கள். எங்களவர்களுக்குத் தண்ணீரே கூடாது. தண்ணீர் தராதவள் வம்சம் ஒரு நாளாவது தண்ணீர் இல்லாமல் கிடக்கட்டும் என்று எவனோ எப்போதோ சொல்லியிருக்கிறான். இவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. விளக்கை அம்மன் மடியில் ஏற்றுவார்கள். மடி மேற்குப் பக்கம். அந்த வெளிச்சம் எங்களுக்குத் தெரியாது. ஏற்றி முடித்ததும் ஒரு வெடி வைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் காலனியில் சொம்பைத் தொடுவார்கள். போன வருஷம் வெடி வெடிக்கவில்லை. டவுனே பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தபோது என் அம்மா முதுகைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "விளக்கு ஏத்திட்டாங்கம்மா, எல்லாருக்கும் வாட்ஸப்புல வந்துடுச்சி" என்று சொன்னேன். "சத்தம் கேக்கலியேடி" என்றாள். அப்படியே சாய்ந்தாள். சர்க்கரைக்காரி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் பாட்டில் ஏற்றிக் கொண்டுவந்தோம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கிட்னி தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

இந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் ஆரம்பித்தேன்.

"இந்த வாட்டி தண்ணி குடிச்சிடுமா."

"ஒரு நாளுதானேடி."

"போன வருஷமும் ஒரு நாளுதான். உயிர் போயிருக்கும்."

"போனா போவுது. வெடி கேட்டா குடிக்கறேன். இல்லன்னா உன் டிகிரிய எடுத்தாந்து அந்த முதுகுல ஒரு விளக்கு ஏத்து. கண்ணால வெளிச்சம் பாத்துட்டுக் குடிக்கறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கிழக்குப் பக்கம் வெளிச்சம் தெரிவது அவளுக்கு அவ்வளவு நடக்காத காரியம்.

"சத்தியமா குடிப்பியா?"

"குடிக்கறன்டி. போ, போய் வேலையப் பாரு."

எனக்கு அது போதும்.

விழாக்குழுத் தலைவர் அரங்கநாதன். உரக்கடை வைத்திருக்கிறார். என் அண்ணன் ரஞ்சித் அவருடைய லோடு ஆட்டோவைத்தான் ஓட்டுகிறான். காலனியில் எல்லாரும் அவரை ஐயா என்பார்கள். நான் சார் என்பேன். அவருக்கு அது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்குப் போனேன். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது.

"சார், இந்த வருஷம் கிழக்கால தோள்லயும் ஒரு விளக்கு வைக்கணும். காலனிக்குத் தெரியறா மாதிரி."

அவர் மூட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரஞ்சித்து தங்கச்சிதான நீ? அஸ்வினி. வாத்தியார் வேலைக்குப் போறியாமே, சந்தோஷம்மா. ஆனா பாரு, கிழக்கால வாடைக் காத்து நேரா மூஞ்சில அறையும். விளக்கு நிக்காது."

"நின்னா?"

"நிக்காதும்மா. அதான் மடியில ஏத்தறாங்க. பெரியவங்க தெரியாமயா பண்ணாங்க?"

"அப்ப வெடியாவது ஒழுங்கா வெடிங்க."

"போன வருஷம் மழையில நமத்துப் போச்சி. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"இன்னொரு வெடி எடுத்தாந்து வெடிச்சிருக்கலாம் சார். எங்கம்மா விழுந்துட்டாங்க."

"கேள்விப்பட்டேன், பாவம்." சொல்லிவிட்டு மறுபடி மூட்டைப் பக்கம் திரும்பினார். "உங்க பக்கம் பசங்க மாவலி சுத்துவாங்க இல்ல? நல்லாதான் இருக்கு. அதோட இருந்துக்குங்கம்மா. தீபம்ங்கறது வேற."

"சரி சார். அப்ப எங்க விளக்க நாங்களே ஏத்திக்கறோம்."

"பாறை குழுவுக்குப் பாத்தியப்பட்டதும்மா."

"மலைப் புறம்போக்கு சார். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டுதான் வந்தேன்."

அரங்கநாதன் மெதுவாகச் சிரித்தார். "தனியா விளக்கு ஏத்திக்கறவங்களுக்கு எங்க வெடி எதுக்கு? இந்த வருஷம் வெடி கிடையாது. செலவும் மிச்சம்."

ஆக, என் வாயால் இருந்த வெடியும் போயிற்று. இனி நான் வெளிச்சம் காட்டினால்தான் அம்மா தண்ணீர் குடிப்பாள். திரும்பிப் போகிற வழியை அவரே அடைத்துவிட்டார். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது.

"உனுக்கு இன்னா, டிகிரி படிச்சிட்ட. திண்டிவனம் போறே, வர்றே. நான் அந்தாளு மூஞ்சில தெனம் முழிக்கணும். நாளைக்கு வண்டிச் சாவியப் புடுங்கிக்கினா எவன் சோறு போடுவான்?"

"அம்மா விழுந்தா எவன் தூக்குவான்?"

"அம்மாவத் தண்ணி குடிக்க வெய்யி. அத்த விட்டுட்டு ஊரோட பேஜாரு பண்ணிக்கினு."

"நீ குடிக்க வெய்யேன். உன் வாயால சொல்லு, குடிக்கட்டும்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மல்லாட்டையை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், இது வேறு யார் வீட்டுச் சண்டையோ என்பது போல. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அண்ணி கலைப்பிரியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்டமங்கலத்துக்காரி. "நான் வர்றேன் அஸ்வினி. உங்கண்ணன் திட்டுனா திட்டட்டும், தெனம் திட்டறதுதான."

"நிஜமாவா அண்ணி?"

"மேல ஏறிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இங்க வந்ததுலருந்து அந்த முதுகையே பாத்துக்கினு கெடக்கறேன்."

ஜெசிந்தாவும் வந்தாள். பக்கத்துத் தெரு, என்னோடு பிளஸ் டூ வரை படித்தவள். "எங்க சர்ச் ஃபாதருக்குத் தெரிஞ்சா மானத்த வாங்குவாரு" என்றாள். "நான் சாமி கும்புட வரல. அந்தாளு மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்க வர்றேன். அது பாவத்துல சேராது." தெருவில் இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் விரதக்காரிகள், அம்மாவைப் போலவே தண்ணீர் குடிக்காமல் ஏறப் போகிறவர்கள். எவ்வளவு சொல்லியும் அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

திண்டிவனத்தில் ஒரு செப்புக் கொப்பரை வாங்கினேன். டவுனில் வைப்பதைப் போலவே, அளவில் சின்னது. நெய், கற்பூரம், திரிக்குப் புதுக் காடாத்துணி. அவர்கள் என்னென்ன வைக்கிறார்களோ எல்லாம். ஒன்று குறைந்தாலும் இதெல்லாம் ஒரு தீபமா என்று கேட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பிடிவாதம். அண்ணி அதை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் அந்தப் பக்கம் வருஷா வருஷம் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தாள். காய்ந்த பனம்பூவைக் குழியில் போட்டுச் சுட்டு, கரியை இடித்துப் பொடியாக்கி, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டித் தைத்து, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, மேலே கயிறு போட்டால் மாவலி. கயிற்றைப் பிடித்துச் சுற்றினால் பொறி பறக்கும். காலனிப் பையன்கள் எல்லாரும் அவளிடம்தான் வாங்குவார்கள்.

"இது எதுக்கு அண்ணி இவ்ளோ?"

"எறங்கினதும் பசங்க வந்து பிச்சிப் புடுங்குவானுங்க. கூடையில போட்டு மேல எடுத்துக்கினு வர்றேன், அங்கயே உக்காந்து மீதியத் தெச்சிடலாம்."

தீபத்தன்று மத்தியானத்துக்கு மேல் ஏறினோம். கிழக்குப் பக்கம் படி கிடையாது. எங்கள் தாத்தாக்கள் கல் உடைத்த காலத்தில் ஆப்பு அடிக்க வெட்டிய குழிகள் வரிசையாக மேலே போகும். அதில் கால் விரலை நுழைத்து, நாலு காலில் ஆடு போல ஏறவேண்டும். கொப்பரையைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். நடுவில் அது பாறையில் மோதி டங்கென்று சத்தம் போட, ஜெசிந்தா, "பாருங்கடி, எங்க கோயில் மணி" என்றாள். நாக்கு ஒட்டிப்போன பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

தோளுக்கு வந்து நிமிர்ந்தேன். கீழே காலனி முழுசும் தெரிந்தது. எங்கள் வீட்டு நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அதற்கப்பால் ஏரி, சவுக்குத் தோப்பு, தூரத்தில் கடல் இருக்கிற பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. டவுன் இங்கிருந்து தெரியவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, பாறை எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

காற்று மட்டும் அரங்கநாதன் சொன்ன மாதிரியே இருந்தது. அறைந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

இருட்டத் தொடங்கியதும் அம்மன் கழுத்துக்கு அந்தப் பக்கமிருந்து மேளம் கேட்டது. பிறகு பெரிய கூச்சல். மடியில் ஏற்றிவிட்டார்கள். வெடி இல்லை. நான் கற்பூரத்தைப் பற்ற வைத்தேன். அணைந்தது. மறுபடி வைத்தேன். ஆளுக்கொரு பக்கம் புடவையை விரித்துப் பிடித்தார்கள். திரி பிடித்தது. நெய்யில் நீலமாக ஓடி, மஞ்சளாக எழுந்தது. "புடிச்சிக்கிச்சி!" என்று ஒருத்தி கத்தினாள். ஆனால் புடவைகள் மறைத்துக்கொண்டிருக்கும்வரை கீழே யாருக்கு என்ன தெரியும்? விலகச் சொன்னேன். விலகினார்கள். காற்று ஒரே வாயில் ஊதிவிட்டுப் போயிற்று.

எத்தனை தடவை பற்ற வைத்தேன் என்று தெரியாது. தீப்பெட்டி காலி. ஜெசிந்தா லைட்டரைக் கொடுத்தாள். விரல் சுட்டது. கற்பூரம் தீர்ந்தது. போன் அடித்தது. அண்ணன்.

"இன்னாடி ஆச்சி? ஒன்னும் தெரியல இங்க."

"நீ எங்க இருக்க?"

"வீட்லதான், அம்மா பக்கத்துல. அரங்கநாதன் ஐயா போன் பண்ணி அதுங்கள ஜல்தியா எறக்குடான்னாரு. கட் பண்ணிட்டேன். சாவியக் கேட்டா குடுத்துடப் போறேன், வுடு. அம்மாவுக்குக் கை நடுங்குது அஸ்வினி. குடின்னா வாயத் தொறக்க மாட்டேங்குது."

"ஸ்பீக்கர்ல போடு. கட் பண்ணாத." போனை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன்.

கொப்பரையைப் பார்த்தேன். புதுச் செம்பு, அவர்களுடையதைப் போலவே பளபளவென்று, உபயோகமில்லாமல். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. தீபம் என்பது வேறு. மாவலியோடு இருந்துகொள்ளுங்கள். அந்தாள் மூட்டையை எண்ணிக்கொண்டே சொன்னது காதில் கேட்டது.

மாவலி.

காற்று ஊதினால் விளக்கு சாகும். ஊதாவிட்டால் மாவலி சாகும். காற்று வேண்டும் என்றுதானே சுற்றுகிறோம்? ஆக்சிஜன் பாடம் எடுக்கிறவள் நான். கூடை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, அதப் பத்த வையி."

"எத்த?"

"மாவலிய. எல்லாத்தையும்."

அண்ணி கூடையைக் கவிழ்த்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். நீ கொப்பரை கொப்பரைன்னு உயிர விட்டுக்கினு இருந்தே." பாறை இடுக்கில் ஒண்டி உட்கார்ந்து, கொப்பரைத் திரியைக் கிழித்து நெய்யில் நனைத்துக் கொளுத்தி, ஒவ்வொரு மாவலியின் நுனியிலும் கனல் பிடிக்க வைத்தாள்.

"பொம்பளைங்க சுத்தலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொம்பளைங்க ஏறலாமா? ஏறியாச்சி. சுத்துடி" என்றாள் அண்ணி.

கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். தலைக்குமேல் ஒரு சுற்று. சிவப்பாக ஒரு புள்ளி. இரண்டாவது சுற்றில் வாடைக் காற்று வந்து அதைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். கரி முழுக்கக் கனன்று பொறி கொட்டத் தொடங்கியது. எனக்கு இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் மற்றவர்கள். தோள் முழுக்க நெருப்பு வட்டங்கள். பொறி காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பாறைமேல் உருண்டது. கறுப்பு முதுகு சிவப்பாகத் தெரிந்தது. புடவையில் ஓட்டை விழுந்தது. முடி பொசுங்குகிற வாசனை வந்தது. யாரும் நிறுத்தவில்லை.

கீழே காலனியில் ஒரு சத்தம் எழும்பியது. முதலில் பிள்ளைகள், பிறகு எல்லாரும்.

கழுத்துப் பக்கம் ரெண்டு மூன்று டார்ச் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. "யாரும்மா அது பின்னால?" என்று ஒரு குரல்.

"பின்னால இல்லீங்க, எங்களுக்கு இதான் முன்னால!" என்று ஜெசிந்தா கத்தினாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். "அஸ்வினி, உங்கம்மா."

"பாத்தியாமா?" என்று கேட்டேன். கை நிற்கவில்லை.

"பாத்தேன்." அம்மாவின் குரல் ஒட்டி ஒட்டி வந்தது. "மாவலிதானேடி இது. தீபமாடி?"

"வெளிச்சம்னுதான சொன்ன. கண்ணால பாத்தா குடிக்கறேன்னுதான சத்தியம் பண்ண. தெரியுதா, தெரியலயா?"

"தெரியுது."

"அப்ப குடி."

அண்ணன் ஏதோ சொல்வது கேட்டது. சொம்பு தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எவடி அவ, நடுவுல பெருசா சுத்தறவ?" என்று கேட்டாள் அம்மா.

"நான்தான்."

"கை கழண்டுடும்டி. போதும், எறங்கி வா."

"நீ குடிக்காம நிறுத்த மாட்டேன். இது அணைஞ்சா அடுத்தது. கூடை நெறைய இருக்கு. விடிய விடியச் சுத்துவேன். உனக்குப் பொறந்தவதான நான்?"

"அடங்காதவளே."

"ஆமாம்."

"சனியனே."

"குடி."

தோள்பட்டையில் கத்தி வைத்த மாதிரி வலித்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டிருந்தது. வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். பக்கத்தில் விரதக்காரிகள் சுற்றிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குடித்தால் தாங்களும் குடிக்கலாம் என்றுதான்.

முதலில் ரஞ்சித்தின் குரல் வந்தது. "குடிக்குதுடி." பிறகு அந்தச் சத்தமே வந்தது. மடக் மடக்கென்று. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி மடக்கென்று.

"இன்னொரு சொம்பு குடுடா" என்றாள் அம்மா.

ஜெசிந்தா தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து முதல் விரதக்காரியிடம் நீட்டினாள். அவள் ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையால் வாங்கிக் குடித்தாள். என் மாவலி கரைந்து கயிறுதான் மிஞ்சியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன்.

"அடுத்தத குடு அண்ணி."